திறக்கும் பக்கமும் திறவாப் பக்கமும்

நம் இல்லங்களில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் விவிலியத்தை மூடிய நிலையில் கையிலெடுத்து, தாள்களின் ஓரத்தைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சில இடங்களில் விரல் பட்டுப் பட்டுத் தாளின் விளிம்பு கறுத்திருக்கும். வேறு சில இடங்களில் அச்சகத்தை விட்டு வந்த நாளின் வெண்மை மாறாமல் இருக்கும். கறுத்த இடம் பெரும்பாலும் திருப்பாடல்களாகவோ யோவான் நற்செய்தியாகவோ இருக்கும். வெளுத்த இடம் லேவியராகவோ ஆமோசாகவோ யாக்கோபின் திருமுகமாகவோ இருக்கும். இதை வாசி, அதை விடு என்று எவரும் நமக்குக் கட்டளையிடவில்லை. ஆயினும் ஒரு தெரிவு நடந்தேறியிருக்கிறது. நாமே அறியாமல் நாம் செய்த தெரிவு அது.

திருவழிபாட்டில் நமக்கான வாசகத்தைத் திருச்சபை தெரிந்து தருகிறது. மறையுரையில் எதை வலியுறுத்துவது என்பதைக் குருவானவர் முடிவு செய்கிறார். ஆனால் இரவு உணவுக்குப் பின்னோ விடியற்காலையிலோ தனியே அமர்ந்து நாம் விவிலியத்தைத் திறக்கும் அந்த நேரத்தில் தெரிவு முழுவதும் நம்முடையது. கேட்பாரில்லை; மேற்பார்வை இல்லை. எனவே அந்தத் தனிமையில் நாம் எதைத் திறக்கிறோம், எதைத் திறவாமல் கடக்கிறோம் என்பது வெறும் வசதியைப் பற்றிய செய்தியன்று. மனச்சான்றைப் பற்றிய செய்தி. இறைவார்த்தைக்கு நாம் செவிமடுக்கிறோமா, அல்லது நம் சொந்தக் குரலுக்கே இறைவார்த்தையை எதிரொலியாக்கிக் கொள்கிறோமா என்னும் கேள்வி அங்கேதான் எழுகிறது.

தெரிவு செய்வது தவறா?

சிலர் இக்கேள்விக்கு எளிய விடையொன்றைக் கூறுவர். தெரிவே வேண்டாம், தொடக்க நூல் முதல் திருவெளிப்பாடு வரை 73 நூல்களையும் வரிசையாக வாசித்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை என்பர். நாள்தோறும் மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். இது போற்றத்தக்க முயற்சியே. ஆனால் புத்தாண்டில் தொடங்கிய பலரின் பயணம், விடுதலைப் பயண நூலில் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும் இடத்திலோ லேவியர் நூலின் பலிச் சட்டங்களிலோ நின்றுபோவதை நாம் அறிவோம். முடித்தவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. எத்தனை அதிகாரம் என்னும் கணக்கு வளரும். எந்தச் சொல் நம்மைத் தொட்டது என்னும் நினைவு தேயும். கண் எல்லாப் பக்கத்தையும் கடந்தாலும் உள்ளம் தனக்கு வேண்டியதில் மட்டுமே தங்கும். ஆகவே வரிசையாக வாசிப்பதாலும் தெரிவு ஒழிந்துவிடுவதில்லை. அது கையிலிருந்து உள்ளத்திற்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

உண்மையில் திருச்சபையே தெரிவு செய்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1969-ஆம் ஆண்டு வெளியான வாசக ஒழுங்கு, ஞாயிறு வாசகங்களை மூன்று ஆண்டுகளாகப் பகுத்தது. முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவான் நற்செய்திக்குத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் சிறப்பிடம் கிடைத்தது. ஆயினும் மூன்று ஆண்டு ஞாயிறுகளிலும் விவிலியம் முழுவதும் இடம்பெறுவதில்லை. தாமாருக்கு அவளுடைய உடன்பிறப்பே இழைத்த கொடுமையைக் கூறும் 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தை நாம் ஞாயிறு திருப்பலியில் கேட்பதில்லை. நீதித் தலைவர்கள் 19-ஆம் அதிகாரத்தில் இரவெல்லாம் வதைக்கப்பட்டு வாயிற்படியில் வீழ்ந்து கிடந்த பெண்ணின் வரலாற்றையும் கேட்பதில்லை. அதேபோல் 1971-இல் புதுப்பிக்கப்பட்ட திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் விடப்பட்டன. பகைவர்மேல் சாபம் வேண்டும் அவற்றின் கடுமை, செபிப்போருக்கு இடறலாகலாம் என்னும் மேய்ப்புப்பணி அக்கறையே அதற்குக் காரணம்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வழிபாட்டில் விடப்பட்ட பாடல்களைத் திருச்சபை விவிலியத்திலிருந்து அகற்றிவிடவில்லை. 150 பாடல்களும் அங்கேயே இருக்கின்றன. இன்று மேசையில் பரிமாறாததைக் களஞ்சியத்திலிருந்து எறிந்துவிடவில்லை. ஒன்றை இப்போதைக்கு எடுத்துக்கொள்வது தெரிவு. மற்றதை எப்போதைக்குமாக இல்லாததாக்கிவிடுவது வெட்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் நழுவிச் செல்வது மிக எளிது.

கத்தியின் வரலாறு

வெட்டுதல் என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. விவிலியத்திலேயே அத்தகைய கத்தி ஒன்று இடம்பெறுகிறது. எரேமியா நூலின் 36-ஆம் அதிகாரம் அதைக் கூறுகிறது. ஏறத்தாழ கி.மு. 604. குளிர்காலம். அரசன் யோயாக்கிம் தன் குளிர்கால மாளிகையில் கணப்புச் சட்டியின் முன் அமர்ந்திருக்கிறான். எரேமியா சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச்சுருள் அவன்முன் வாசிக்கப்படுகிறது. மூன்று, நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் எழுத்தரின் கத்தியால் அப்பகுதியை அரசன் அறுக்கிறான், நெருப்பில் எறிகிறான். மீண்டும் வாசிப்பு, மீண்டும் வெட்டு. அலுவலர் மூவர் தடுத்தும் அவன் கேட்கவில்லை. சுருள் முழுவதும் சாம்பலாகிறது.

இவனுடைய தந்தை யோசியா. ஏறத்தாழ கி.மு. 622-இல் எருசலேம் கோவிலில் கண்டெடுக்கப்பட்ட திருச்சட்ட நூலை எழுத்தர் வாசிக்கக் கேட்டபோது அவர் தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். தந்தை ஆடையைக் கிழித்தார்; மகன் ஏட்டைக் கிழித்தான். எபிரேய மூலத்தில் இரண்டு செயல்களுக்கும் ஒரே வினைச்சொல்தான் ஆளப்பட்டுள்ளது. இறைவார்த்தையைக் கேட்கும்போது ஏதோ ஒன்று கிழிய வேண்டியிருக்கிறது. நாம் கிழிய மறுத்தால் நூலைக் கிழிக்கத் தொடங்குவோம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

யோயாக்கிமின் கத்தி அவனோடு மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ கி.பி. 144-இல் உரோமைத் திருச்சபையினின்று விலக்கப்பட்ட மார்சியோன், பழைய ஏற்பாடு முழுவதையும் ஒதுக்கினார். தம் கருத்துக்கேற்பத் திருத்திய லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துத் திருமுகங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெபர்சன், நற்செய்திகளிலிருந்து இயேசுவின் அறவுரைகளை மட்டும் கத்தியால் வெட்டியெடுத்து ஒட்டி 1820-இல் ஒரு நூலாக்கினார். அருஞ்செயல்களுக்கும் உயிர்ப்புக்கும் அதில் இடமில்லை; கல்லறை மூடப்படுவதோடு அந்நூல் முடிகிறது.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பிரித்தானியருக்குக் கீழிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே 1807-இல் லண்டனில் ஒரு விவிலியத் தொகுப்பு அச்சிடப்பட்டது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட வரலாறு அதில் உண்டு. அடிமைகள் தலைவர்களுக்குக் கீழ்ப்படியுமாறு கூறும் பகுதியும் உண்டு. ஆனால் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட வரலாறு இல்லை. கிறிஸ்துவில் அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் வேறுபாடு இல்லை எனப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய வரியும் இல்லை. அந்நூலில் அச்சான ஒவ்வொரு சொல்லும் விவிலியச் சொல்லே. அதில் பொய்யாக ஒரு வரியும் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அந்நூல் முழுமையாக ஒரு பொய்.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயராயிருந்த புனித இரனேயு இதனை ஓர் உவமையால் விளக்கினார். கைதேர்ந்த கலைஞன் ஒருவன் மணிக்கற்களைப் பதித்து அரசனின் உருவத்தை அமைக்கிறான். வேறொருவன் அக்கற்களைப் பெயர்த்து, ஒரு நரியின் உருவமாக அடுக்கிவிட்டு, இதுவே அரசனின் உருவம் என்கிறான். கற்கள் மாறவில்லை, உருவம் மாறிவிட்டது. தப்பறை என்பதற்கு மேலைமொழிகளில் வழங்கும் சொல்லின் கிரேக்க வேர் 'தெரிவு' என்னும் பொருளுடையது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். முழுமையை மறந்த தெரிவே தப்பறையின் தொடக்கம். விவிலியத்தின் ஒரு பகுதியை முழு விவிலியத்தின் ஒருமைப்பாட்டோடு சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்று 1965-இல் வெளிவந்த இறை வெளிப்பாடு பற்றிய சங்க ஏடு வலியுறுத்தியதும் இதனாலேயே.

நம்மில் எவரும் விவிலியத்தைக் கத்தியால் அறுப்பதில்லை. தொட்டு வணங்கி முத்தமிடுகிறோம். ஆனால் வாழ்நாளெல்லாம் ஒரு பக்கத்தைத் திறவாமலே இருப்பவருக்கு, அந்தப் பக்கம் அறுத்தெறியப்பட்டதற்கும் அங்கேயே இருப்பதற்கும் என்ன வேறுபாடு?

நாசரேத்தூரில் நடந்தது

சரியான தெரிவு எதுவெனக் கற்க நாம் ஆண்டவரிடமே செல்லலாம். லூக்கா நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் இரண்டு தெரிவுகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, பாலைநிலத்தில் அலகை செய்த தெரிவு. கோவிலின் உச்சியில் நின்று அது 91-ஆம் திருப்பாடலை எடுத்துக்காட்டுகிறது. வானதூதர் தாங்கிக்கொள்வர் என்னும் வாக்குறுதியைச் சொல்கிறது. பாம்பையும் சிங்கத்தையும் மிதிப்பதைப் பற்றிய அடுத்த வரிக்குமுன் நிறுத்திக்கொள்கிறது. நம் வீடுகளில் மிகுதியாகச் செபிக்கப்படும் பாடல்களுள் ஒன்றையே அலகையும் தெரிந்துகொண்டது என்பது நம்மை எச்சரிக்க வேண்டும். விவிலியச் சொல்லை எடுத்தாள்வதாலேயே ஒரு தெரிவு தூயதாகிவிடுவதில்லை. கடவுளின் வாக்குறுதியைக் கொண்டு கடவுளையே சோதிக்கத் தூண்டியது அத்தெரிவு. ஆண்டவரோ இணைச் சட்ட நூலிலிருந்து வேறொரு வார்த்தையை எடுத்து அதற்கு விடையளித்தார்.

இரண்டாவது, நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு செய்த தெரிவு. எசாயாவின் ஏட்டுச்சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படும் பகுதியைக் கண்டெடுத்து வாசிக்கிறார். ஆண்டவர் அருள்தரும் ஆண்டு என்பதோடு ஏட்டைச் சுருட்டிவிடுகிறார். எசாயாவில் அதனை அடுத்து வருவது கடவுள் பழிவாங்கும் நாளைப் பற்றிய சொல். அதனை அவர் வாசிக்கவில்லை. ஆக, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று ஆண்டவரும் தெரிவு செய்தார். கேட்டவர்கள் வியந்து பாராட்டினர்.

அவர் அங்கேயே நிறுத்தியிருந்தால் அன்று எல்லாரும் மகிழ்வோடு வீடு திரும்பியிருப்பர். ஆனால் அவர் மேலும் இரு நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்தார். பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது இஸ்ரயேலின் கைம்பெண்களிடம் அன்று, சீதோன் நாட்டுச் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம். எலிசா காலத்தில் நலம் பெற்ற தொழுநோயாளர் இஸ்ரயேலர் அல்லர், சிரியா நாட்டு நாமான். இரண்டும் அம்மக்களின் மறைநூலில் உள்ளவை, அவர்கள் அறிந்தவை. ஆனால் அவர்கள் தாமாகத் தெரிந்தெடுத்திருக்க மாட்டாத பக்கங்கள் அவை. பாராட்டியவர்களே சினங்கொண்டு அவரை மலை விளிம்புவரை தள்ளிச் சென்றனர்.

இந்நிகழ்ச்சி நம் வாசக ஒழுங்கில் அமைந்துள்ள விதமும் குறிப்பிடத்தக்கது. லூக்கா ஆண்டில், பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறன்று எசாயா ஏட்டைச் சுருட்டுவதுவரை கேட்கிறோம். மலை விளிம்பை நான்காம் ஞாயிறன்று கேட்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தது அந்த மூன்றாம் ஞாயிற்றையே. அன்று விவிலியத்தைப் பவனியாக எடுத்துவந்து மாலையிட்டுச் சிறப்பிக்கிறோம். அது நன்று. அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வந்தால்தான் அவ்வார்த்தைக்கு நாசரேத்தூர் கொடுத்த விலை தெரியும்.

ஆண்டவர் தம் மக்கள்முன் தெரிந்தெடுத்தது அவர்கள் விரும்பாத பகுதியை. ஆனால் அவர்களுக்கு வேண்டிய பகுதியை. அலகை தெரிந்தெடுத்ததோ தன் நோக்கத்திற்கு உதவும் பகுதியை. இவ்விரண்டில் நம் தெரிவு எதனைச் சார்ந்தது என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

யாருக்கு எழுதப்பட்டது?

ஓர் எளிய சோதனை உண்டு. எபேசியர் திருமுகத்தின் 5, 6-ஆம் அதிகாரங்களில் பவுல் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் தனித்தனியே விளித்துப் பேசுகிறார். மனைவியர் பணிந்திருப்பது பற்றிச் சில வரிகள். கணவர் தம்மையே கையளிக்குமளவு அன்பு செய்வது பற்றிப் பல வரிகள். பிள்ளைகள் கீழ்ப்படிவது பற்றி ஒரு பகுதி. தந்தையர் பிள்ளைகளுக்குச் சினமூட்டாதிருப்பது பற்றி ஒரு வரி. இவையனைத்துக்கும் முன்னே, எல்லாரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்க வேண்டும் என்னும் பொது அறிவுரை. நம் வீடுகளில் நடப்பது என்ன? கணவருக்கு மனப்பாடமாக இருப்பது மனைவிக்கு எழுதிய வரி. பெற்றோருக்கு மனப்பாடமாக இருப்பது பிள்ளைகளுக்கு எழுதிய வரி. பிள்ளைகளும் வளர்ந்தபின் தந்தையருக்கு எழுதியதைக் கண்டுபிடித்துவிடுகின்றனர். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வந்த மடலைப் பிரித்து வாசிக்கிறோம். நமக்கு வந்த மடல் உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

தாவீதும் இவ்வாறே கேட்டார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனைப் பற்றி நாத்தான் சொன்னபோது அரசரின் அறச்சினம் பொங்கியது. அந்தக் கதை வேறொருவனைப் பற்றியது என்று எண்ணியவரை அவருடைய தீர்ப்பில் குறையில்லை. அம்மனிதர் அரசரே என்று இறைவாக்கினர் சுட்டியபோதுதான் வார்த்தை தன் முகவரியைச் சேர்ந்தது. ஆகவே தனி வாசிப்பில் முதல் நெறியாக இதைக் கொள்ளலாம்: பிறரைத் திருத்தும் வரியை அவர்களுக்கு விட்டுவிட்டு, நம்மை விளிக்கும் வரியை முதலில் தேட வேண்டும்.

இது குடும்பத்தோடு நின்றுவிடுவதன்று. யாக்கோபு தம் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில், தொழுகைக் கூட்டத்திற்குப் பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், அழுக்குடை அணிந்த ஏழைக்கு நிற்க ஓரிடமும் தருவதைக் கண்டிக்கிறார். மாற்கு ஆண்டில் பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறன்று அதனைக் கேட்கிறோம். தமிழகத் திருச்சபையின் வரலாற்றிலோ கோவிலுக்குள் சாதிக்கொரு பகுதி இருந்தது; கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைப் பிரிக்கும் சுவர் இருந்தது. அவற்றின் எச்சங்கள் எல்லா ஊர்களிலும் மறைந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலாது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை 2016 டிசம்பரில் இந்திய ஆயர்கள் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையும் ஒப்புக்கொண்டது. அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் விவிலியத்தை மதியாதவர்கள் அல்லர். தவக்காலத்தில் நோன்பிருந்தவர்கள், திருவிழாவில் தேர் இழுத்தவர்கள். ஆயர் நல்லாயன் பாடலில் ஆறுதல் கண்டவர்களுக்கு, அதே மந்தையின் மற்ற ஆடுகளைப் பற்றிய பக்கங்கள் கண்ணில் படவில்லை. திறவாத பக்கம் வெறும் தாளாக இருப்பதில்லை. காலப்போக்கில் அது சுவராகிவிடுகிறது.

ஆறுதல் தேடுவது குற்றமா?

இவ்வளவும் கேட்டபின், எப்போதும் கடுமையான பகுதிகளையே வாசிக்க வேண்டும் போலும் என்று எவரேனும் எண்ணினால் அது மற்றொரு தவறாகும். துணையை இழந்து நிற்கும் ஒருவர் 23-ஆம் திருப்பாடலைத் திறந்தால், ஆமோசைத் திறக்கவில்லையே என்று அவரைக் குறைகூறுவது கொடுமை. யோபின் நண்பர்கள் சொன்னவற்றுள் பல, தனித்துப் பார்த்தால் மறைக்கு ஒத்த கருத்துகளே. ஆனால் சாம்பலில் அமர்ந்திருந்த மனிதரிடம் அவற்றைச் சொன்னார்கள். நூலின் முடிவில் கடவுளின் சினம் யோபின்மேல் அன்று, அந்நண்பர்கள்மேல் விழுந்தது. சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கு, வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரையன்று, அப்பமும் தண்ணீரும். உறங்கி எழுந்து, மீண்டும் உண்டு, மலைக்கு நடந்த பிறகே அவர் மெல்லிய குரலைக் கேட்டார்.

திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மேய்ப்புப்பணி நூலின் ஒரு பகுதி முழுவதும் இதனையே விளக்குகிறது. ஏழைக்கு ஒருவகை அறிவுரை, செல்வருக்கு வேறுவகை. மகிழ்ந்திருப்போருக்கு ஒன்று, துயருற்றோருக்கு மற்றொன்று. நீதிமொழிகள் நூலின் 26-ஆம் அதிகாரத்தில், மூடருக்கு மறுமொழி கூறாதே என ஒரு வரியும், மறுமொழி கூறு என அடுத்த வரியும் அருகருகே நிற்பதைக் காண்கிறோம். இரண்டும் இறைவார்த்தையே. எந்த வேளைக்கு எது என்பதை அறியும் பொறுப்பை மறைநூல் நம்மிடம் விட்டுவைத்திருக்கிறது.

இந்நோக்கில் 109-ஆம் திருப்பாடலை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். நிம்மதியாக உண்டு உறங்குபவர் அதனை வாசித்தால் முகம் சுளிப்பார். ஆனால் பொய்ச்சான்றால் நிலத்தை இழந்தவரும், நம்பியவரால் வஞ்சிக்கப்பட்ட பெண்ணும் தம் நெஞ்சில் கொதிப்பதைக் கடவுள்முன் கொட்டுவதற்கு அதனைவிட வேறு சொற்கள் கிடைப்பது அரிது. கையில் அரிவாள் எடுக்க வேண்டிய சினத்தை அவர்கள் கடவுளின் கையில் ஒப்படைக்கிறார்கள். நமக்கு வேண்டாத பக்கம் எவருக்கும் வேண்டாத பக்கமன்று. அதனை நாம் வாசிக்கும்போது, அது யாருடைய குரல், அவரை அந்நிலைக்குத் தள்ளியவருள் நமக்கும் பங்குண்டோ என்று கேட்கலாம்.

எனவே ஆறுதலா, அறைகூவலா என்பது கேள்வியன்று. காயம்பட்டவர் ஆறுதலைத் திறக்கட்டும்; அதற்கு அவருக்கு உரிமை உண்டு. காயப்படுத்தியவரும் அதே பக்கத்தைத் திறந்து ஆறுதல் பெற்றுக்கொண்டு போவதுதான் நெறிபிறழ்வு. நம்மில் பெரும்பாலோர் ஓரிடத்தில் காயம்பட்டவராகவும் வேறோரிடத்தில் காயப்படுத்தியவராகவும் இருப்பதால், நமக்கு இருவகைப் பக்கங்களும் வேண்டும்.

குறிபார்ப்பதும் கேட்பதும்

தெரிவின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க மற்றொரு வழியும் உண்டு. கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் படும் வரியை அன்றைய நாளுக்கான வாக்கு எனக் கொள்வது. புத்தாண்டு இரவில் வசன அட்டைகளை எடுப்பதும் அதன் உறவே. புனிதர்களும் இவ்வாறு செய்யவில்லையா எனக் கேட்கலாம். கி.பி. 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் புனித அகுஸ்தினார், எடுத்து வாசிக்கச் சொன்ன குழந்தைக் குரலைக் கேட்டு உரோமையர் திருமுகத்தைத் திறந்தார். 1208-இல் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் தம் முதல் தோழர் பெர்நார்துவுடன் நற்செய்தி நூலை மும்முறை திறந்தார்.

ஆனால் அவர்கள் கண்டது என்ன? அகுஸ்தினாரின் கண்ணில் பட்டது, அவர் பல ஆண்டுகளாக விட முடியாமல் தவித்த ஊனியல்பின் இச்சைகளைக் களைந்தெறியச் சொல்லும் வரி. அது அவரை அந்நாளே மாற்றியது. பிரான்சிஸ் கண்டது உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பது, வழிக்கு எதுவும் எடுக்காதிருப்பது, தன்னலம் துறந்து சிலுவையைச் சுமப்பது ஆகியவற்றைப் பற்றிய வரிகள். பெர்நார்து சென்று தம் உடைமைகளை விற்றார். நமக்கு அப்படிப்பட்ட வரி வந்தால் என்ன செய்கிறோம்? இது நமக்கன்று என எண்ணி மீண்டும் ஒருமுறை திறந்து பார்க்கிறோம். விருப்பமான வரி வரும்வரை திறந்து பார்ப்பது குறிபார்ப்பது. வந்த வரிக்கு வாழ்வைத் திருப்பிக்கொள்வதே கேட்பது.

மூன்று வழிகள்

அவ்வாறாயின் நாம் கைக்கொள்ளக்கூடிய முறை யாது? மூன்றினை இங்கே முன்வைக்கலாம்.

முதலாவது, திருச்சபையின் வாசகங்களை நம் தனி வாசிப்பின் முதுகெலும்பாகக் கொள்ளுதல். வரும் ஞாயிறுக்குரிய மூன்று வாசகங்களையும் பதிலுரைப் பாடலையும் வாரத்தின் தொடக்கத்திலேயே வாசித்துவிடலாம். நம் விருப்பத்திற்கு அப்பாற்பட்ட ஒன்று நமக்குத் தரப்படுகிறது என்பதே அதன் முதல் நன்மை.

இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒரு நூலை எடுத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாகவேனும் தொடக்கம் முதல் முடிவுவரை வாசித்தல். திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு அவரைக் கண்டபோது துன்புறும் ஊழியனைப் பற்றிய 53-ஆம் அதிகாரத்தில் இருந்தார். இணைச் சட்ட நூலின்படி, அண்ணகர் ஆண்டவரின் திருப்பேரவையில் சேர இயலாது. ஆனால் அவர் கையிலிருந்த சுருளை இன்னும் சிறிது விரித்திருந்தால், 56-ஆம் அதிகாரத்தில் அண்ணகர்களுக்கே கடவுள் தம் இல்லத்தில் நிலையான பெயரை வாக்களிக்கும் பகுதியைக் கண்டிருப்பார். தம் பெயர் எழுதப்பட்ட பக்கத்திற்கு மூன்று அதிகாரங்களே இருந்தன. தொடர்ந்து வாசிப்பவருக்கே இத்தகைய பேறு வாய்க்கும். கடிந்துரை மட்டுமன்று, நமக்கான பேராறுதலும் நாம் திறவாத பக்கத்தில் காத்திருக்கலாம். அதே அண்ணகர் பிலிப்பைத் தம் தேரில் ஏற்றிக்கொண்டதையும் மறவாதிருப்போம். விளக்கிச் சொல்பவர் வேண்டும் என ஒப்புக்கொள்வது இழுக்கன்று.

மூன்றாவது, நமக்குப் பிடித்த இடத்தில் மட்டுமன்றி, உறுத்திய இடத்திலும் தங்குதல். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், மிகுந்த ஆறுதலோ வறட்சியோ உணர்ந்த இடங்களுக்கு மீண்டும் சென்று தியானிக்கச் சொல்கிறார். எந்த வரியை வேகமாகக் கடந்தோமோ அந்த வரிக்கு மறுநாள் திரும்பிச் செல்லலாம். தனியே அதைச் செய்யத் துணிவில்லாதபோது அன்பியக் கூட்டம் நமக்கு உதவும். நில உரிமையாளரும் கூலித்தொழிலாளரும் ஒரே பாயில் அமர்ந்து, அறுவடை செய்தோரின் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுவதைப் பற்றிய யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தை வாசிப்பது, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் வாசிப்பதைப் போன்றதன்று. ஒருவர் கடந்து செல்லும் வரியில் மற்றவர் நின்றுவிடுவார். நம் கண் தவிர்த்ததை அடுத்தவரின் குரல் நமக்கு வாசித்துக் காட்டும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழில் கையிலிருக்கும்போது, படிப்பறிவு குறைந்தவர் என்று எவரையும் அந்தப் பாயிலிருந்து விலக்க வேண்டியதில்லை.

இம்மூன்று வழிகளிலும் பொதுவாக உள்ளது ஒன்றே: தெரிவின் ஒரு பகுதியை நம் கையிலிருந்து விட்டுக்கொடுத்தல். திருச்சபைக்குச் சிறிது, நூலின் ஒழுங்குக்குச் சிறிது, உடன் அமர்ந்திருக்கும் சகோதரருக்கும் சகோதரிக்கும் சிறிது. அவ்வாறு விட்டுக்கொடுத்த இடத்தில்தான் கடவுள் நம்மோடு பேச இடம் உண்டாகிறது.

யோயாக்கிமின் கணப்பில் எரிந்த சுருளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் எரேமியா நூல் கூறுகிறது. இறைவாக்கினர் வேறொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் கொடுத்தார். எரிந்துபோன சொற்கள் அனைத்தையும் அவர் மீண்டும் சொல்ல, பாரூக்கு எழுதினார். அவற்றைப் போன்ற வேறு பல சொற்களும் அதனுடன் சேர்க்கப்பட்டன. அறுக்கப்பட்ட வார்த்தை அழியவில்லை. முன்னிலும் நீண்டதாகத் திரும்பி வந்தது. நாம் தவிர்த்த வார்த்தையும் அவ்வாறே ஏதோ ஒரு நாள், ஒரு கூலியாளின் முகத்திலோ, பிள்ளையின் கேள்வியிலோ, ஒரு கல்லறைச் சுவரின் முன்னிலையிலோ நம்மைத் தேடி வரும். அதுவரை காத்திராமல், இன்றிரவே அதனை நாமாகத் திறந்து வாசிப்பது நமக்கு எளிது; நம்மால் துன்புறுவோருக்கும் நல்லது.